எனக்க அம்மை வந்தாச்சு

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நம்மில் ஒருத்தியின் பேத்தியைச் சபைக்கு முன்னால் நிறுத்தி ஜெபம் பண்ணினார்கள். ஏதோ ஒரு தேசம், பெயர் என் வாயில் நுழையவில்லை, அங்கே இருக்கிற அனாதை இல்லத்தில் ஊழியம் செய்யப் போகிறாளாம். விமானத்தில் போய், பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் திரும்பிவிடுவாளாம். நல்ல பிள்ளைதான், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏட்டி, உனக்கு என்ன கேடு? ஒரு பிள்ளை கடல் தாண்டி ஊழியத்துக்குப் போகுது, நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கே?" என்றாள் ஒருத்தி.

அங்கேயே பதில் சொல்லியிருந்தால் கோயில் வாசலில் சண்டைதான் நடந்திருக்கும். பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து காப்பி குடித்தும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வாசித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

நாம் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பாயை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் படுத்து வளர்ந்தவர்கள். திருவிதாங்கூர் மகாராஜா காலம். நாகர்கோவிலிலிருந்து மயிலாடிக்குப் போகிற வழியில் நம் விடுதி. வாசலில் தொங்கிய பலகையில் 'திக்கற்ற பெண்பிள்ளைகள் இல்லம்' என்று எழுதியிருக்கும். உள்ளே இருந்த நம்மில் எத்தனை பேர் திக்கற்றவர்கள்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு மேல் அம்மை இருந்தாள். அப்பன் பனையிலிருந்து விழுந்து செத்திருப்பான், இல்லாவிட்டால் கொழும்புக்குப் போனவன் திரும்பியிருக்க மாட்டான். அம்மைக்காரி கூலிக்குப் போக வேண்டும். பிள்ளைக்கு வேளைக்குக் கஞ்சியும் நாலு எழுத்தும் கிடைக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டிருப்பாள். என் கதையும் அதுதான். என் அப்பன் பனையேறி. மழை நனைத்த பனையில் கால் வழுக்கி விழுந்தார்.

அம்மை ஊரில் நெல் குத்திப் பார்த்தாள், சும்மாடு வைத்து உப்பு சுமந்து பார்த்தாள். பிறகு கங்காணியோடு தேயிலை மலைக்குப் போய்விட்டாள். போகிற அன்றைக்கு விடுதிக்கு வந்து, வடசேரிச் சந்தையில் வாங்கின நீலப் பாவாடை ஒன்றை என் கையில் கொடுத்தாள். "வாற பங்குனியில கங்காணி ஆள் சேக்க வருவாரு. நானும் கூட வாறேன். உன்னையக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். அங்கயும் பள்ளிக்கூடம் உண்டு, கேட்டியா மக்கா" என்றாள். அவள் முகம் முழுக்க வைசூரித் தழும்பு. சின்ன வயதில் வந்து பிழைத்தவள். முதன்முதலில் பார்க்கிறவர்கள் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அந்த முகத்தைத் தவிர வேறு முகம் அழகாகத் தெரிந்ததில்லை.

அந்தப் பாவாடையைப் பண்டிகைக்குக்கூடக் கட்டாமல் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பங்குனி எப்போது வரும் என்று உங்களையெல்லாம் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினேன். ஞாபகம் இருக்குமே. மத்தியானத்தில் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து ரேந்தை, அதாவது லேஸ், பின்னுவோம். மடியில் உருண்டைத் தலையணை, அதில் குத்தின ஊசிகள், நூல் சுற்றின மரக்கட்டைகள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மயிலாடிக் கல்கொத்தர்களின் உளிச்சத்தமும் கேட்கும். வெள்ளை நூலில் அழுக்குப் படக்கூடாது என்று பெரியக்கா நம் கைகளை முகர்ந்துகூடப் பார்ப்பாள். நாம் பின்னின பூக்கள் சீமைக்குப் போய் எந்தச் சீமாட்டியின் கழுத்தில் ஏறினவோ, நமக்குத் தெரியாது.

பெரியக்கா என்றால் விடுதியை நடத்தினவள். நம் ஊர்க்காரிதான், நம்மைப் போலவே அப்பன் இல்லாமல் அதே விடுதியில் வளர்ந்து, இங்கிலீஷ் படித்து மேலே வந்தவள். மொடமொடவென்று கஞ்சி போட்ட சேலை, இடுப்பில் சாவிக்கொத்து. அவளுக்கு மேலே பெரிய மிஸ்ஸியம்மாள் இருந்தாள். அந்த வருஷம் அவள் ஓய்வுக்காகத் தன் தேசத்துக்குப் போய்விட, அந்த இடைக்காலத்துக்கு ஊழியம் செய்யவென்று மூன்று இளம் வெள்ளைக்காரிகள் கப்பலில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேர் சீக்கிரமே களியக்காவிளைப் பக்கத்துச் சபைகளுக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் நம்மோடு தங்கினாள். முகத்துக்கு நேரே மிஸ்ஸியம்மா என்போம், முதுகுக்குப் பின்னால் மதாம்மை.

மதாம்மை கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் அநியாயமாய்ப் பேசுகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. வெயிலில் கழுத்து சிவந்துபோய், மூக்கு உரிந்து, அப்படியும் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருப்பாள். நம் நகத்தை வெட்டினாள், பேன் எடுத்தாள், சிரங்குக்கு ஊதா மருந்து போட்டாள். பக்கத்தில் வந்தால் வாசனைச் சோப்பின் மணம் வரும். அதற்காகவே இல்லாத சிரங்கைக் காட்டிக்கொண்டு நின்றவர்கள் உண்டு. யாரென்று நான் சொல்லவில்லை.

அவள் பிறத்தியார் தேசத்துக்கு வந்தது திக்கற்ற பிள்ளைகளுக்காக. ஆகவே வந்த அன்றே பெரியக்கா நம்மை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு தலையிலும் கைவைத்து, "தாயும் இல்லை, தகப்பனும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவ்வளவு தூரம் கப்பலில் வந்தவளிடம் அம்மை உள்ள பிள்ளைகளைக் காட்டினால் நன்றாகவா இருக்கும்! என் முறை வந்தபோது நான், "எனக்கு அம்..." என்று ஆரம்பித்தேன். பெரியக்காவின் இரண்டு விரல் என் தோளுக்குப் பின்னால் சதையைப் பிடித்துத் திருகியது. மதாம்மை குனிந்து என் நெற்றியில் முத்தமிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிழைத்திருக்கிற என் அம்மைக்காக ஒரு வெள்ளைக்காரி துக்கப்பட்டாள்.

இனி அவளுடைய தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெட்ராசில் ஒரு முன்ஷியிடம் படித்துக்கொண்டு வந்திருந்தாள். நோயாளிகளைப் பார்க்கப் போகிறவள் என்று அந்த மனுஷன் நோய்களின் பெயரையெல்லாம் மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறார். காய்ச்சல், பேதி, கண்வலி, அம்மை. தாய்க்கு அவள் படித்த சொல் தாய். பேச்சில் கேட்டிருந்தால் அம்மா. இந்த நாஞ்சில் நாட்டில் பெற்றவளுக்குத்தான் அம்மை என்று பேர், நோயைத் தீனம் என்கிற நாம் அந்தத் தீனத்துக்கு வைசூரி என்போம் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்டு, பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று சிரிப்பாள். பாட்டின் அர்த்தம் என்ன என்று அவள் கேட்கவில்லை, பெரியக்காவும் சொல்லவில்லை.

பங்குனி வந்தது. சுசீந்திரம் பக்கம் இரண்டொரு வீட்டில் வைசூரி கண்டிருக்கிறது என்ற பேச்சும் கூடவே வந்தது. மதாம்மை கொதித்த தண்ணீர், சுண்ணாம்பு, கார்பாலிக் என்று விடுதியையே தலைகீழாகப் புரட்டினாள். அந்த வெயிலில் எனக்கு மேலெல்லாம் வேர்க்குரு. ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் என்னை நிறுத்தி அதற்குப் பொடி பூசிக்கொண்டிருந்தாள். பெரியக்கா பக்கத்தில் நின்று ரேந்தையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாசற்காவல் கிழவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏ பிள்ளே! உனக்க அம்மை வந்து நிக்கா, வா!"

பூசின பொடியோடு நான் ஓடினேன். மதாம்மை என் கையைப் பிடித்து நிறுத்தி, "என்ன? எங்கே ஓடுகிறாய்?" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"எனக்க அம்மை வந்தாச்சு! மிஸ்ஸியம்மா, எனக்க அம்மை வந்தாச்சு!"

எனக்க என்றால் என்னுடைய. எனக்கு என்று காதில் விழுந்தால் அதே வாக்கியம் நோயாகிவிடும். ஒரே ஓர் உயிரெழுத்து. நமக்கு அந்த ஒரு எழுத்தில் ஒரு குழப்பமும் கிடையாது, பால்குடிப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். மதாம்மை என் கழுத்தையும் மாரையும் பார்த்தாள். செக்கச்செவேலென்று பரந்து கிடந்த வேர்க்குருவைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது. என் கையை விடாமலே இங்கிலீஷில் ஏதோ அலறினாள். ரேந்தைத் தலையணைகளைப் போட்டுவிட்டு நீங்கள் எல்லாரும் சிதறி ஓடினீர்கள்.

"இல்லே மிஸ்ஸியம்மா, அம்மை! எனக்க அம்மை!" என்று நானும் சொல்லச் சொல்ல, அவள் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு வேறு சொல் வாயில் வரவில்லை. பயந்துபோன குழந்தைக்குத் தெரிந்த சொல்தானே வரும்?

பெரியக்காவுக்கு வேறு சொல் தெரியும். அவள் அங்கேயே நின்றாள், நான் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் அவள் காதில் விழுந்தது. தாய் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வேதபுத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிற சொல்தான். தமிழே வேண்டாம், இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம், அதுவும் அவளுக்கு வரும். ஆனால் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை என்று அதே வாயால் சொன்னவள் அல்லவா? இவளுடைய தாய் வாசலில் நிற்கிறாள் என்று சொன்னால் அப்புறம் மற்றப் பிள்ளைகளின் தாய்மாரும் ஒவ்வொருத்தராக எழுந்து வருவார்களே! பெரியக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தொற்றிவிடும் என்று பொத்தினாள் என்று மதாம்மை நினைத்திருப்பாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தோட்டத்துக்குப் பின்னால் தேங்காய்நார்த் தும்பு போட்டு வைக்கிற ஓர் ஓலைப்புரை இருந்தது. அதைக் கூட்டிப் பாய் விரித்து என்னை உள்ளே வைத்தாள். முடியை ஒட்ட வெட்டினாள். உடுத்தியிருந்ததையும், என் பெட்டியோடு அந்த நீலப் பாவாடையையும் வாசலில் குவித்துத் தீ வைத்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "அம்மே! அம்மே!" என்று வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். அங்கிருந்து, "மக்கா! நான் இங்கதான் நிக்குதேன் மக்கா!" என்று அவள் குரல் கேட்டது. என் காதில் நன்றாகக் கேட்டது.

மதாம்மை சட்டென்று முழங்காலில் விழுந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. அஞ்ஞானிகள் அந்த நோயை ஒரு தேவியென்று கும்பிட்டு அம்மே அம்மே என்று கூப்பிடுவார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். விடுதிப் பிள்ளை விக்கிரகத்தைக் கூப்பிடுகிறாளே என்று கண்ணீர் விட்டு ஜெபம் பண்ணினாள். நான் பெற்றவளைக் கூப்பிடக் கூப்பிட, அவளை என்னை விட்டுத் துரத்தும்படி இவள் கர்த்தரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நடந்ததை நான் பார்க்கவில்லை. வேலிக்குள்ளே நின்று பார்த்த ஒருத்தி பிற்பாடு எனக்குச் சொன்னாள். அவள் இன்றைக்கும் நம்மோடு மூன்றாவது பெஞ்சில்தான் உட்கார்கிறாள். சொன்னது தப்பென்றால் மறுக்கட்டும்.

பிள்ளைக்கு வைசூரி என்று காவல்கிழவர் சொன்னதும் அம்மை தலையிலிருந்த ஓலைக் கடவத்தைக் கீழே இறக்கி வைத்திருக்கிறாள். அழவில்லையாம். பெரியக்காவிடம், "அக்கா, எனக்கு ஒருக்க வந்து போனதாக்கும். இனி எனக்கு வராது. என்னை உள்ள விடுங்கோ, எனக்க பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்" என்றாளாம்.

யோசித்துப் பாருங்கள். நிஜமாகவே எனக்கு வைசூரி கண்டிருந்தாலும், அந்த வளாகத்தில் என் பக்கத்தில் பயமில்லாமல் உட்காரத் தகுதியுள்ள ஒரே ஆள் அவள்தான். அவளைத்தான் வெளியே நிறுத்தினார்கள்.

"மதாம்மைக்க உத்தரவு. ஆரும் உள்ள வரப்பிடாது" என்றாளாம் பெரியக்கா.

"ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன் அக்கா. வடசேரியில வண்டி நிக்குது. கங்காணி பொழுது சாயதுக்குள்ள கிளம்பிடுவாரு. அவரு கைப்பொறுப்புல வந்தவ நான். போகல்லேன்னா அங்க எடம் போயிடும்."

அதற்குள் மதாம்மை புரையிலிருந்து வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். அம்மையின் முகத்தைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. தழும்பு விழுந்த அந்தப் பெண்பிள்ளைதான் நோயைக் கொண்டுவந்தவள்! விரலை நீட்டி, "போ! தூரம் போ!" என்று சத்தம் போட்டாளாம். அம்மை கோபப்பட்டாளா? இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். கையெடுத்துக் கும்பிட்டாளாம். "மிஸ்ஸியம்மா மருந்து தெரிஞ்சவ. எனக்க பிள்ளை பிழைச்சிடுவா, இல்லியா அக்கா?" என்று பெரியக்காவைக் கேட்டாளாம்.

"தேவ சித்தம்" என்றாளாம் பெரியக்கா. சாகக் கிடக்கிறவர்கள் வீட்டில் நம் ஆட்கள் சொல்கிற வார்த்தை அது. ஓர் அம்மையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்ல முடிந்தது?

பொழுது இறங்குகிற மட்டும் அம்மை ரோட்டுக்கு அந்தப் பக்கம் புன்னைமரத்தடியில் நின்றாள். பிறகு போய்விட்டாள். கடவத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதில் எனக்கென்று செய்த முந்திரிக்கொத்தும் கருப்பட்டியும் பனங்கிழங்கும் இருந்தன. மதாம்மை அதைக் கம்பால் தள்ளி, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தாள். புரைக்குள் படுத்திருந்த எனக்குக் கருப்பட்டி காய்கிற மணம் வந்தது. அம்மை வந்திருக்கிறாள் என்று குசினியில் பாகு காய்ச்சுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் புரையில் என்னை எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள் என்று சரியாக நினைவில்லை. மதாம்மையும் என்னோடு இருந்தாள். விசிறினாள், பாடினாள், கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். கொப்புளம் வரும் வரும் என்று காத்திருந்தாள். வேர்க்குரு எங்கேயாவது கொப்புளமாகுமா? ஒரு மழை பெய்தது, உடம்பு குளிர்ந்தது, எல்லாம் அமுங்கிப்போனது. மதாம்மை என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். ஜெபம் கேட்கப்பட்டது என்றாள். பெரியக்காவும், "ஆமா மிஸ்ஸியம்மா, ஜெபத்துக்க பலன்" என்றாள். அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தச் சொல்லால் எழுதுவது என்று தெரியவில்லை.

மதாம்மை ஊருக்குப் புறப்பட்டபோது சபையில் வழியனுப்புக் கூட்டம் வைத்தார்கள். நம்மையெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்த்தினார்கள். சுற்றியுள்ள சபைகளிலிருந்து ஜனம் வந்து கோயில் நிரம்பி வழிந்தது. மதாம்மை இங்கிலீஷில் பேச, உபதேசியார் தமிழில் சொன்னார். தாயும் தகப்பனும் இல்லாத ஒரு சிறுமிக்குக் கொடிய அம்மை நோய் கண்டதும், தான் கூடவே இருந்து பராமரித்ததும், கர்த்தர் இரங்கியதும், முகத்தில் ஒரு வடுவும் இல்லாமல் அவள் எழுந்ததும் எல்லாம் வந்தன. பெரியக்கா என்னைப் பிடித்து எழுப்பி ஜனங்களைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினாள். ஒரு வடுகூட இல்லாத என் முகத்தைப் பார்த்துச் சபை முழுவதும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது.

சத்தம் அடங்கினபோது நான் பேசினேன். யாரும் சொல்லித் தரவில்லை. உபதேசியாரைப் பார்த்து உரக்கவே சொன்னேன்.

"எனக்கு ஒரு தீனமும் வரல்லே. எனக்க அம்மைதான் வந்தா. நீங்க விரட்டி விட்டிய."

மதாம்மை உபதேசியாரைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். அவர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெரியக்காவைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். மதாம்மையின் முகம் அப்படியே மலர்ந்தது. ஓடி வந்து என்னை மாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"ஆம் மகளே, நானே உன் தாய்."

அப்போதுதான் உபதேசியார் என்ன சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் அவளைத் தள்ளினேன், கையைக் கடிக்கவும் பார்த்தேன். பிள்ளை பிரிவைத் தாங்கமாட்டாமல் இப்படிச் செய்கிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள். அந்தக் கோயிலில் இருந்த அத்தனை பேரும் வீட்டில் எனக்க அம்மை என்று பேசுகிறவர்கள். நான் சொன்னது ஒருவர் தவறாமல் எல்லாருக்கும் விளங்கியது. விளங்காதவள் ஒருத்திதான், அவள் கப்பலேறிப் போய்விட்டாள். விளங்கியவர்கள் சாவகாசமாக ஆமென் சொல்லிவிட்டுப் பழமும் காப்பியும் சாப்பிட்டார்கள். அவளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த ஆமெனை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அடுத்த பங்குனிக்கு அம்மை வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அதற்கடுத்த பங்குனிக்கும் வரவில்லை. பெரியக்காவிடம் போய்க் கேட்டபோது, கணக்காய் மடித்த ரேந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மலையில வேற கல்யாணம் கட்டியிருப்பா. நீ இனிமே அவளை நினைக்காதே பிள்ளே" என்றாள். குழந்தைதானே நான், நம்பினேன். அம்மை என்னை விட்டுவிட்டாள் என்று நினைத்து, நினைத்து, அவள் மேலேயே வெறுப்பு வைத்து வளர்ந்தேன். என்னிடமிருந்து அம்மையைப் பறித்தது போதாதென்று, அவள் மேலிருந்த பாசத்தையும் அல்லவா பிடுங்கிப் போட்டாள்?

நான் கல்யாணம் கட்டிப் போன ஊரில் கோயில் அசன விருந்து நடந்தது. எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்க, இலையில் சோறும் ஆட்டுக்கறியும் விளம்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வயதான பெண்பிள்ளை. உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவளாம், வெகுகாலம் தேயிலை மலையில் இருந்தவளாம். பேச்சுவாக்கில் நான் படித்த விடுதியைச் சொன்னேன்.

"அங்கயா கெடந்தே மக்கா? எனக்க நாத்தூன் மகளும் அங்கதான் படிச்சா. எங்க லயத்துல ஒருத்தி இருந்தா, பாவம், அவளுக்க பிள்ளையும் அங்கதான். அவளுக்கு முகம் முழுக்க வைசூரித் தழும்பு. பிள்ளைக்கும் வைசூரி கண்டு, பாக்கக்கூட விடாம அனுப்பிட்டாவளாம். பிழைச்சுதோ செத்துதோ தெரியாம தவிச்சுக் கெடந்தா."

சோற்றில் வைத்த கையை நான் எடுக்கவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"கீழேருந்து ஆரு மலைக்கு வந்தாலும் ஓடிப் போயிக் கேப்பா. முகத்துல தழும்புள்ள ஒரு சின்னப்பிள்ளை அந்த விடுதியில உண்டா, கண்டியளான்னு. நான் ஒருக்க நாத்தூன் மகளைப் பாக்க வந்தப்பம், இவளுக்காகவே ஒரு பகல் முழுக்க அங்க இருந்து, விடுதியில பேரை மாத்திருவாவன்னு பேரைக் கேக்காம, தழும்பு தேடி ஒவ்வொரு பிள்ளையா பாத்தேன். தழும்புள்ள பிள்ளை ஒண்ணும் இல்லே. திரும்பிப் போயி உள்ளதைச் சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"கூடையை எடுத்துக்கிட்டுக் கொழுந்து கிள்ளப் போயிட்டா. அதுக்கப்புறம் ஆருகிட்டயும் கேக்கவும் இல்லே, கீழ எறங்கவும் இல்லே. அடுத்த மழையில மலைக்காய்ச்சல் கண்டு போயிட்டா." பிறகு, "நான் பொய் சொல்லல்லியே மக்கா, கண்டதைத்தானே சொன்னேன்?" என்றாள்.

பாவம், இந்தக் கதையில் உள்ளதை உள்ளபடி சொன்னவள் அவள் ஒருத்திதான். அதைக் கேட்டுத்தான் என் அம்மை என்னைச் சாகக் கொடுத்தாள்.

"அந்தப் பிள்ளை நான்தான்" என்றேன்.

அவள் இலையை விட்டு எழுந்து என் முன்னால் குந்தினாள். சோறு படாத இடதுகையால் என் தாடையைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தக் கன்னத்தையும் அந்தக் கன்னத்தையும் வெகுநேரம் தேடினாள்.

"ஒண்ணுகூட இல்லியே மக்கா" என்றாள். "ஒண்ணே ஒண்ணு இருந்திருக்கப்பிடாதா?"